பரிவட்டமும் கிளட்ச் பெடலும்

மதிவாணன் அன்று காலையில் வாயைத் திறந்து ஒரு சபதம் செய்தார். வாயைத் திறக்காமல் செய்திருந்தால் பிழைத்திருப்பார்.

"இந்த வருஷமும் மாசி மகத்துக்கு நம்ம லாரியிலதான் அம்மன் கடலுக்குப் போவும். எனக்குத்தான் பரிவட்டம். ஒடஞ்சது கிளட்ச் பெடலு, என் காலு இல்ல! நாங்க சொல்தா பரம்பரை. பின்வாங்க மாட்டோம்!"

அவருடைய தாத்தா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர்.

"உங்க தாத்தா பட்டாளத்துல வெங்காயம் உரிச்சாருன்னு உங்கம்மாவே சொல்லியிருக்காங்க" என்றாள் மனைவி அஞ்சலாட்சி.

"அங்கேயும் பின்வாங்கல!"

உழவர்கரையில் அவர்கள் தெருவின் அம்மன், ஆண்டுதோறும் மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போவாள். அவளைச் சுமந்து போவது மதிவாணனின் பழைய மினி லாரி. ஓட்டுகிறவருக்குக் கோயில் மரியாதை உண்டு. கழுத்தில் மாலை, தலையில் பட்டுப் பரிவட்டம். வருஷமெல்லாம் ஜல்லி லோடு அடிக்கிற மனிதர் அன்று ஒருநாள் மகாராஜா. யாராவது கூப்பிட்டால்கூடத் தலையை மெதுவாகத்தான் திருப்புவார்.

அந்தத் தலைக்குத்தான் இப்போது ஆபத்து. மகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நெல்லித்தோப்பு சிக்னலில் கிளட்ச்சை மிதித்தார். டக்கென்று ஒரு சத்தம். இஞ்சின் பக்கத்துத் தகட்டுச் சுவரில் பெடலைத் தாங்கி நிற்கும் பிராக்கெட் பிளந்துகொண்டது. பெடல் தொங்கிப்போனது. கோயில் தர்மகர்த்தா சாமிக்கண்ணு செய்தி கேட்டு வந்தார். வண்டி தயாராகாவிட்டால் பிள்ளைச்சாவடியிலிருந்து வேறு லாரி பிடித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அது ஏன் ஒடஞ்சிதுன்னு தெரியுமாங்க?" என்றாள் அஞ்சலாட்சி.

"பழைய இரும்பு. ஒடஞ்சிது."

"ஊர்வலம் முழுக்க பாதி கிளட்ச்சுலயே ஓட்டுறீங்க. நின்னாலும் காலை எடுக்க மாட்டேங்கிறீங்க. எத்தினி வருஷம் அது தாங்கும்?"

"லைசென்சு வாங்கினவங்கல்லாம் மெக்கானிக் ஆயிட முடியாதுடி."

லைசென்ஸ் என்ற சொல்லில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. அஞ்சலாட்சி முறையாகப் படித்து லைசென்ஸ் வாங்கியவள். பாகூரில் தம்பிக்கு உடம்பு முடியாமல் போனபோது அவனுடைய லோடு வண்டியில் நெல் மூட்டை அடித்தவள். ஆனால் சொந்த வீட்டு லாரியை ஓட்ட மட்டும் வழியில்லை. மதிவாணன் தன் உடம்புக்கேற்றபடி சீட்டைப் பின்சுவரோடு ஒட்டித் தள்ளி, வேறு யாரும் நகர்த்த முடியாதபடி தரையோடு வெல்டிங் வைத்துவிட்டார். அதில் உட்கார்ந்தால் அவளுக்கு மற்றதெல்லாம் எட்டும். கிளட்ச் மட்டும் முழுசாக மிதிபடாது.

போன வருஷம் அவள் கேட்டாள். "ஒரே ஒரு தடவ நான் ஓட்டுறேனே. அம்மனும் பொம்பளதானே?"

"அந்தக் கிளட்ச்ச மிதிக்க ஆம்பளக் காலு வேணும்" என்று சொல்லிச் சிரித்தார். டீக்கடையிலும் போய்ச் சொல்லிச் சிரித்தார். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. அவளுக்கு அது சுருக்கென்று தைத்து, அங்கேயே தங்கிவிட்டது.

வீட்டுக்கு அடுத்தது வெல்டர் மஜீத் பாயின் பட்டறை. உடைந்த லாரியை அதன் வாசலில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். பாய் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"சின்ன வேலைதாண்ணே. சுவரு பக்கம் ஒரு தகடு வச்சி, பிராக்கெட்ட அதும் மேல அடிச்சிட்டா போதும்."

"பாய் சொல்றதுதான் சரி. ஒரு தகடே போதும்" என்றாள் அஞ்சலாட்சி வாசலிலிருந்து.

மதிவாணனுக்கு உச்சி சுட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் போதும் என்றால் அவருக்குப் போதாது. வேண்டாம் என்றால் அதுதான் வேண்டும். வீட்டுக்கு மஞ்சள் சுண்ணாம்பு வேண்டாம் என்றாள். வீடு இன்றும் மஞ்சள்தான்.

"பாய், ரெண்டு தகடு!"

"ரெண்டு வச்சா பெடலு சீட்டு பக்கம் தள்ளி வருமேண்ணே."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அவள். "வேணாம் பாய். அவரு பேச்ச கேட்டுக்கிட்டு மூணாவது ஒண்ணு கீது வச்சிடாதீங்க."

"மூணு!" என்றார் மதிவாணன்.

மூன்று தகடு ஏறியது. பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். அஞ்சலாட்சி எட்டிப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

"நல்ல வேள. அந்த மூலையில கெடக்குற சேனல் இரும்ப வச்சி அடிப்பாரோன்னு பயந்துட்டேன்."

மதிவாணன் திரும்பிப் பார்த்தார். மூலையில் மூன்று விரல் கனத்துக்கு ஒரு சேனல் துண்டு கிடந்தது. அதுவரை அவர் அதைப் பார்த்ததே இல்லை.

"பாய், அத்த எடுங்க!"

"அண்ணே, யானையா மிதிக்கப் போவுது?"

"நான் மிதிக்கப் போறேன்!"

சேனலும் ஏறியது. அதற்கேற்றபடி கேபிளை இழுத்துக் கட்டப் போனார் பாய். காய்ந்துபோன பழைய கேபிளே போதும், புதுசு எதுக்கு என்று அஞ்சலாட்சி ஒரு வார்த்தைதான் சொன்னாள். புதுக் கேபிள் வந்தது. பெடல் அச்சுக்குக் கிரீஸும் வந்தது. எல்லாம் முடிந்ததும் மதிவாணன் கீழே நின்றபடியே பெடலைக் கையால் அமுக்கினார். வெண்ணெய் மாதிரி இறங்கியது. பிராக்கெட்டைப் பிடித்து ஆட்டினார். லாரிதான் ஆடியது.

"இனிமே பிரளயமே வந்தாலும் இது அசையாது" என்றார் தெருவுக்கே கேட்கும்படி.

மறுநாள் மகம். லாரிக்கு வாழைமரம் கட்டியாயிற்று. அம்மனைத் தெருவே கூடித் தூக்கி வந்து ஏற்றியது. மேளம் கொட்டியது. மதிவாணன் பட்டு வேட்டியோடு வந்து, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஏறி உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்று சொல்வது பாதிதான் உண்மை. வலது கால் போனது. இடது கால் போகவில்லை. பெடல் சீட்டுக்கு வெகு பக்கத்தில் வந்து நின்றது. அதன் மேல் பாதத்தை வைத்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. முழங்காலை ஒதுக்கினால் தொப்பை ஹாரனை அமுக்கியது. மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் லாரி அலறியது. அம்மன் புறப்பட்டுவிட்டாள் என்று நினைத்து மூன்று தடவையும் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சீட்ட பின்னால தள்ளுய்யா!" என்றார் சாமிக்கண்ணு.

"வெல்டிங் வச்சிருக்கு."

"பெடல கழட்டு!"

"அதுவும் வெல்டிங்தான். அறுத்தெடுக்க சாயங்காலம் ஆயிடும்" என்றார் மஜீத் பாய். "அண்ணன் அவ்ளோ உறுதியா பண்ணச் சொன்னாரு."

சாமிக்கண்ணு கைப்பேசியை எடுத்தார். அஞ்சலாட்சி பணிவாக முன்னால் வந்தாள்.

"ஆமாங்கய்யா. பிள்ளைச்சாவடி லாரியே வரட்டும். எங்களுக்குக் குடுத்து வச்சது அவ்ளோதான். இந்த வண்டிய வேற யாரு ஓட்டுறது?"

"எவன் லாரியும் வராது!" மதிவாணன் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். "என் லாரிதான் போவும்! ஏன், நீ ஓட்ட மாட்டியா? கை கால் இல்ல? ஏறுடி வண்டியில!"

"நானா? வேணாங்க..."

"ஏறுன்னு சொன்னா ஏறணும்!"

ஏறினாள். கால் பெடல் மேல் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. ஓட்டுகிறவருக்குத்தானே மரியாதை? சாமிக்கண்ணு கொஞ்சம் தயங்கினார். பெண்கள் பக்கமிருந்து ஒரு குலவை கிளம்பியது. தயக்கம் போய்விட்டது. அஞ்சலாட்சியின் தலையில் பரிவட்டம் ஏறியது.

மதிவாணன் கிளீனர் சீட்டில் உட்கார்ந்து போனார். கூட்டம் நின்ற இடத்திலெல்லாம் அவள் கியரை எடுத்துவிட்டுக் காலைத் தரையில் வைத்தாள். லாரி ஒரு குலுக்கல் இல்லாமல் நகர்ந்தது. குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து டயரில் ஊற்றிய பெண்கள், சாமியைக் கும்பிட்டுவிட்டு அவளையும் ஒரு பார்வை பார்த்தார்கள். மதிவாணனுக்கு வயிறு எரிந்தது. நடுவில் லேசாகப் பெருமையும் எட்டிப் பார்த்தது. அதை உடனே விழுங்கிவிட்டார்.

கடலில் அம்மன் நீராடித் திரும்பி, எல்லாம் முடிந்து வீடு வந்தபிறகு, மஜீத் பாய் சும்மா இருக்காமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"தங்கச்சி சீட்டுல உக்காந்து சாண் போட்டு அளந்துச்சே, அந்த அளவு அப்படியே சரியா வந்துடுச்சி பாத்தீங்களாண்ணே?"

"எப்ப அளந்தா?"

"வேல தொடங்கறதுக்கு முந்தியே. அந்த சேனலையும் அதுதான் தேடி எடுத்து மூலையில வச்சிது. நீங்க சொல்லித்தான் செய்யுதுன்னு நெனச்சேன்."

மதிவாணன் வீட்டு வாசலில் அப்படியே நின்றார். மூன்று தகடு. ஒரு சேனல். புதுக் கேபிள். ஏறுடி வண்டியில. நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். மஞ்சளாக இருந்தது. அஞ்சலாட்சிக்குச் சின்ன வயதிலிருந்தே மஞ்சள்தான் பிடிக்கும் என்று அவள் தம்பி எப்போதோ சொன்னது இப்போது காதில் விழுந்தது.

உள்ளே போனார். கர்ஜித்தார்.

"எல்லாம் தெரிஞ்சிபோச்சிடி! நீ வேணாம் வேணாம்னு சொல்லியே என்னை ஆட்டி வச்சிருக்க. இன்னியோட தீந்துது. இனிமே நீ எது சொன்னாலும் நான் நல்லா யோசிச்சித்தான் வாயத் தொறப்பேன். சொல்தா பரம்பரை!"

அஞ்சலாட்சி பரிவட்டத்தை அவிழ்த்து, பூப்போல மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் களைப்பு தெரிந்தது.

"தப்புதாங்க. எனக்கும் தோளெல்லாம் வலி, இனிமே இந்த வேலையே வேணாம். நாளைக்கே பாயக் கூப்பிட்டு அந்தத் தகடெல்லாம் அறுத்துப் போட்டுடலாம். அடுத்த வருஷம் நீங்களே ஓட்டுங்க."

"எவன்டி அறுக்கிறவன்?" என்று எகிறினார் மதிவாணன். "என் தகட்டு மேல எவனாவது கை வச்சான்னா தெரியும் சேதி!"

"சரிங்க" என்றாள் அஞ்சலாட்சி. பரிவட்டத்தை பீரோவில் தன் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினாள்.