மாதாவை அனுப்பாத ஸ்தோத்திரம் அங்கிள்

கேட்டுக் கேட்டே கடவுளைக் களைக்கப் பண்ணுகிறவர்கள் கொட்டாஞ்சேனையில் லேனுக்கு நூறு பேர் இருப்பார்கள். நன்றி சொல்லிச் சொல்லியே அவரைக் களைக்கப் பண்ணியவர் இந்தக் கொழும்பு முழுவதிலும் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் லேன் ஸ்தோத்திரம் அங்கிள்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்குக் கட்டாயம் இருந்திருக்கும். தபால்காரரே அதை மறந்துபோய், லேன் முனையில் சைக்கிளை நிறுத்தி, சிங்களத்தில் ஐயா சேர்த்து "தோத்திர மஹத்தயா" என்றுதான் கூப்பிடுவார். மனிதர் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். காலையில் ஏணியில் ஏறினால் மத்தியானம் வரைக்கும் அந்தரத்தில் தனியாக இருக்க வேண்டும். "மேல கதைக்க வேற ஆர் தம்பி இருக்கிறது? பக்கத்தில இருந்தவர் அவர் ஒராள்தான்" என்று வானத்தைக் காட்டுவார். பென்சன் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிய பிறகும் அந்தக் கதை நிற்கவில்லை.

ஒருமுறை பல் பிடுங்கப் போனார். டாக்டர் வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் பொலிஸ் வந்திருக்கும். அங்கிள் ஸ்தோத்திரம் சொன்னார். எப்படியும் ஒருநாள் போக வேண்டிய பல்லாம், வலிக்க முந்தியே போய்விட்டதாம். டாக்டர் வெட்கப்பட்டு வலிக்கிற பல்லைக் காசு வாங்காமலே பிடுங்கிவிட்டார். அதற்கும் ஒரு ஸ்தோத்திரம்.

செத்த வீட்டுக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போகப் பயம். லேனில் ஒருவர் இறந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, போன கிழமை இரவல் வாங்கிய குடையைச் சாக முந்தியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன நல்ல மனிதனுக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அழுதுகொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அதற்கும் சேர்த்துப் பிறகு அழுதா.

கல்யாண வீட்டில் சாப்பாட்டுச் செபத்தை அவரிடம் கொடுத்துவிட்டார்கள் என்றால் புரியாணி ஆறிவிடும். அரிசி, ஆடு, ஆடு தின்ற புல், புல்லுக்குப் பெய்த மழை என்று ஒன்றையும் விடமாட்டார். இரண்டாம் வீட்டு மெட்டில்டா அக்கா ஒருமுறை பொறுக்க முடியாமல், "அங்கிள், மழை விட்டுட்டுது, ஆமென் சொல்லுங்க" என்றா.

இப்படிப்பட்ட மனிதரிடம் மாதா போனால் என்ன நடக்கும் என்று நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் லேனில் முப்பத்தொரு நாளும் முப்பத்தொரு வீட்டுக்கு மாதா சுரூபம் போகும். சுரூபம் இருக்கிற வீட்டில் பின்னேரம் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்லுவோம். முடிந்ததும் அந்த வீட்டுக்காரர் அந்த வருடம் கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்லி, தன் கையாலேயே சுரூபத்தைத் தூக்கி அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. யார் போட்ட சட்டமோ தெரியாது, ஃபாதரே அதில் கை வைப்பதில்லை. நான் அப்போது அந்த லேனில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த தனிக்கட்டை. வீட்டில் காத்திருக்க ஆளில்லாதவன் என்பதால் லிஸ்ட் எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

நாடே சமையல் காஸுக்குக் கியூவில் நின்ற வருடத்துக்கு அடுத்த வருடம் அது. அங்கிளுக்குப் பிறகு மெட்டில்டா அக்கா வீடு என்று எழுதியிருந்தேன். அக்கா மீன் அடைத்த பற்றிஸ் பொரித்து, வாசலில் மெழுகுதிரி ஏற்றி, புதுச் சாறியோடு வந்து அங்கிள் வீட்டில் கையை நீட்டிக்கொண்டு நின்றா.

அங்கிள் நன்றி சொல்லத் தொடங்கினார். இந்த வருடத்திலிருந்து இல்லை, பிறந்ததிலிருந்து. பிரசவம் பார்த்த மருத்துவிச்சிக்கு நன்றி. அவவைக் கூட்டிவந்த ரிக்‌ஷாக்காரனுக்கு நன்றி. ஒரு மணித்தியாலத்தில் ஆறு வயது வரைக்கும் வந்து, மூச்சு வாங்கி, "மிச்சம் நாளைக்கு" என்றார். நன்றி முடியாமல் மாதாவைத் தூக்க முடியாது. எல்லோரும் சிரித்துக்கொண்டு போனோம்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம். அதற்கடுத்த நாள் கிரேன். கயிறு அறாத ஒவ்வொரு மூட்டைக்கும் நன்றி சொல்லுவாரோ என்று பயந்துபோனோம். மெட்டில்டா அக்கா மூன்றாவது தடவையும் பற்றிஸ் பொரித்துவிட்டு என்னிடம் வந்தா. "தம்பி, உங்கட லிஸ்ட்டத் தூக்கி அடுப்பில போடுங்க. இல்லாட்டி அந்த மனுசனப் போடுங்க."

நாலாம் நாள் மத்தியானம் அங்கிளிடம் போனேன். ஒற்றை அறை வீடு. லேனெல்லாம் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகள் முந்திய நாள் போட்டபடியே இருந்தன. அவற்றின் நடுவில், கூட்டத்துக்கு வந்த ஆளைப்போல அவரும் ஒரு கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்துக் கதிரையைத் தட்டினார்.

"தம்பி, உண்மையச் சொல்லட்டா? சொல்ல இருந்ததெல்லாம் நேற்றுப் பாதியிலயே முடிஞ்சிட்டுது. மிச்சப் பாதி ஏற்கெனவே சொன்னதுதான். ஒருத்தருக்கும் விளங்கேல்ல."

"அப்ப ஏன் அங்கிள்?"

"மாதா போனா ஆக்களும் போயிருவாங்க." சுரூபத்தைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "என்ர மனுசி ரீட்டா மோட்சம் போன பிறகு இந்த வீட்டுக்குள்ள என்னைத் தவிர ஒராள் இருமிக்கூட நான் கேட்கேல்ல. இப்ப மூண்டு நாளா இருபது பேர் வந்து இருமுறாங்க. அந்தச் சத்தம் நல்லாயிருக்கு தம்பி."

மகன் மெல்பேர்னில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறான், அதற்கும் ஸ்தோத்திரம் என்றார். ஆனால் போனில் இருமினால் அவன் உடனே டாக்டரிடம் போகச் சொல்லுகிறானாம்.

லிஸ்ட் எழுதுகிறவனுக்கு இதற்கெல்லாம் பதில் தெரியுமா? மெட்டில்டா அக்கா ஏன் இவ்வளவு அந்தரப்படுகிறா என்று மட்டும் சொன்னேன். அவவின் பேரன் டெங்கு வந்து, டாக்டர்மார் இனி இல்லை என்று கைவிட்ட பிறகு பிழைத்து வந்தவன். அந்த நன்றியை மாதாவைத் தன் வீட்டில் வைத்துத்தான் சொல்லுவேன் என்று அக்கா மூன்று மாதமாக வாய்க்குள் வைத்திருந்தா.

அங்கிள் முன்னால் கிடந்த கதிரை ஒன்றை நேராக்கி வைத்தார். பிறகு, "அவவும் ஒண்டு சொல்ல இருப்பா எண்டதை நான் யோசிக்கேல்லையே" என்றார்.

அன்று பின்னேரம் அக்கா சண்டைக்குத் தயாராக வந்திருந்தா. செபமாலை முடிந்தது. அங்கிள் எழும்பினார். இளைஞர்கள் சுவரில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டார்கள்.

"ஆண்டவரே, நாலு நாள் ஆக்கள் வந்தவை. ஸ்தோத்திரம்" என்றார் அங்கிள். சுரூபத்தைத் தூக்கினார்.

அக்காவுக்குக் கையை நீட்டவே மறந்துபோயிற்று. "அவ்வளவுதானா அங்கிள்?"

"அவ்வளவுதான் பிள்ளை. மிச்சத்த நீ சொல்லு."

பாட்டுப் பாடிக்கொண்டு எல்லோரும் வெளியே போனார்கள். அங்கிள் முழங்கால் சரியில்லை என்று வரவில்லை. போகிற போக்கில் அவரவர் தங்கள் கதிரைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர்வலத்தின் கடைசியில் நின்று திரும்பிப் பார்த்தேன். வெறும் சீமெந்துத் தரையும் அதன் நடுவில் அங்கிளும்தான்.

அக்கா வீட்டில் அன்று நன்றி சொல்லத் தொடங்கியவ, பேரனின் பெயரோடு அழுது நின்றுவிட்டா. அவவுக்காக நாங்கள்தான் ஆமென் சொன்னோம்.

மறுநாள் ஆறு மணிக்கு நான் செபமாலைக்குப் போகவில்லை. அக்கா கொடுத்த இரண்டு பற்றிஸைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு அங்கிளின் கதவைத் தட்டினேன்.

"மாதா இஞ்ச இல்லையே தம்பி" என்றார்.

"தெரியும் அங்கிள்."

"பிறகு?"

உள்ளே போய் இருந்தேன். இருவரும் பற்றிஸ் தின்றோம். எனக்குத் தொண்டையில் துகள் சிக்கி இருமல் வந்தது. அங்கிள் கண்ணை மூடி, வாய்க்குள் மெதுவாக, "ஸ்தோத்திரம்" என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பற்றிஸுக்கு என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். நான் வந்ததற்குத்தான் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படியேதான் வைத்திருக்கிறேன்.