எண்பது மீற்றர் எடுத்துவிட்டேன்

காத்தான்குடி,
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின்.

அன்பின் மச்சான் நௌஷாட் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் வீட்டுக்காரி, உங்கள் ராத்தாவும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். டோஹா வெயிலில் உங்களையும் பிள்ளைகளையும் அவன் குளிர்ச்சியாக வைத்திருப்பானாக.

நீங்கள் தேடிப்பிடித்து அனுப்பிய வானொலிப் பெட்டி, செய்தி அனுப்பவும் கேட்கவும் கூடியது, வீட்டிலேயே பாகம் பாகமாகப் பற்றவைத்துப் பூட்டுவது, பழுதில்லாமல் வந்தது, பூட்டினேன், வேலையும் செய்கிறது. இருந்தும் இந்தக் கடிதத்தோடு அதை டோஹா திரும்பும் றிஸ்வியின் கையில் திருப்பி அனுப்புகிறேன் என்றால் பிழை பெட்டியில் இல்லை, என்னில். பெட்டியைத் தெரிவு செய்யும் பக்கத்தைத் தொலைபேசிக்கு அனுப்பியிருந்தீர்கள் அல்லவா, அதில் கூடு வேண்டுமா என்றார்கள், பிஸ்கட் டின் போதும் என்றேன். குரலா மோர்ஸா என்றார்கள், என் கூட்டாளி ஏர்லும் நானும் சேர்ந்து பழகியது தந்திபோல் எழுத்தெழுத்தாகத் தட்டும் மோர்ஸ் என்பதால் மோர்ஸ் என்றேன். கடைசியில் எத்தனை மீற்றர் என்றார்கள், எண்பது, நாற்பது, இருபது, மூன்றும் ஒரே விலை. தலை நரைக்கும்வரை துணி அளந்து விற்றவனிடம் இப்படிக் கேட்டால் அவன் எதை எடுப்பான் சொல்லுங்கள். ஏர்ல் மெல்பேர்னில் மகள் அன்ட்றியா வீட்டிலிருந்து, தான் இருபது மீற்றர் வாங்கியதாக முன்பே சொல்லியிருந்தான். பாவம், புது நாடு, கை இறுக்கம், இருபதோடு நிறுத்திக்கொண்டான், அவனுக்கும் சேர்த்து நாமே தாராளமாக எடுப்போம் என்று எண்பதை அமத்தினேன்.

பூட்டி முடித்துத் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னபோது ஏர்ல் என்னை மறுபடி சொல்லச் சொன்னான். பிறகு, “டேய் சரீப், நீ என்னடா, சாறனுக்குத் துணியா எடுத்தாய்? மீற்றர் எண்டா அலைட நீளம்டா. உன்ட எண்பது என்ட இருபதுக்குக் கேக்காது” என்றான். வெட்கம் ஒருபக்கம் இருக்கட்டும், ஒரே ஓர் அலை எண்பது மீற்றர் என்றால் எங்கள் படலையில் தொடங்கி வாவிக்கரைத் தென்னைவரை போகும், மச்சான். அப்படியான அலைகள் இத்தனை காலமும் என் தலைக்கு மேலால் போய்க்கொண்டிருக்க, நான் கீழே கைக்குட்டைக்கு விலை பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அந்தத் தென்னைக்குத்தான் ஏரியல் கம்பியை இழுத்தேன். ராத்தா வெளியே வந்து, “இது எங்க உம்மா எனக்குத் தந்த ஊடு. கம்பி கட்டுறெண்டா எனக்கிட்டக் கேட்டுக் கட்டோணும்” என்றா. கட்டி வந்த நாள் தொட்டு நான் இந்த வீட்டு மாப்பிள்ளைதானே, கேட்டுவிட்டே கட்டினேன். மறுநாள் காலை கம்பி முழுக்கப் போர்வைகள் காய்ந்தன. அவற்றை எடுத்துவிட்டு மஃரிபுக்குப் பிறகு ஹெட்போனை மாட்டினால், இங்கே வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்க, காதுக்குள் எங்கோ கடலுக்கப்பால் விழும் இடி பொரிந்தது, அதற்கு நடுவே யாரோ ஒருவர் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ராத்தாவின் காதிலும் வைத்தேன்.

“ஆர் இது?”

“தெரியா.”

“எங்க இரிக்காங்க?”

“அதும் தெரியா.”

அவ கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அப்ப ஒரு சலாமாவது சொல்லுங்களன்” என்றா. அன்றிலிருந்து கம்பியில் போர்வை காயவில்லை.

ஏர்லோடு வாட்ஸ்அப்பில் கதைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். கதைக்கிறோம்தான். அதற்குள் எத்தனை கம்பனி, எத்தனை கோபுரம். இதில் அவனுக்கும் எனக்கும் நடுவில் அல்லாஹ்வின் வானம் மட்டும்தான். ஏர்ல் போன நாளிலிருந்து எனக்கு இங்கே பேச்சுத்துணை இல்லை, மச்சான், அதை ஒளிக்க மாட்டேன். ஒருதரமாவது அவன் தட்டுவதை வானத்தால் கேட்டுவிட வேண்டும். ஆகவே தயவுசெய்து இதைக் கொடுத்துவிட்டு இருபது மீற்றர்ப் பெட்டியை எடுத்து அனுப்புங்கள். மற்றதெல்லாம் முந்திய மாதிரியே, கூடு வேண்டாம்.

உங்கள் தொழிலில் பறக்கத்தையும் உடம்பில் ஆஃபியத்தையும் அல்லாஹ் தருவானாக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
மச்சான் சரீப்

பி.கு: பொதியில் பெட்டி இல்லையே என்று றிஸ்வியைச் சந்தேகிக்க வேண்டாம், அதிலிருப்பது ராத்தா உங்களுக்கென்று கிண்டிய இனிப்பு, தொதல். கழற்றுமுன் கடைசியாக ஒருதரம் கேட்போம் என்று மஃரிப் தொழுதுவிட்டு இருட்டியபின் மாட்டினேன். எண்பது மீற்றரில், மிக மெலிதாக, என் பெயரை யாரோ தட்டினார்கள். தட்டும் விதத்திலேயே எனக்குத் தெரியும், அந்தக் கை ஏர்லின் கை. இடிக்கு நடுவில் எழுத்தெழுத்தாகப் பொறுக்கினேன்: இருபதை விற்றுவிட்டானாம், எனக்காக எண்பது வாங்கிவிட்டானாம். அவசரத்தில் பதிலைப் பிழை பிழையாகத் தட்டினேன், ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டா, பிறகுதான் சரியாக வந்தது. இருபதைத் தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள், மச்சான். அனுப்பினால் நான் இருபதில், அவன் எண்பதில் என்று ஆகிவிடும்.