பனிக்காலணி வாங்கப் போய் எடை குறைந்த கதை

சிக்கூத்திமி,
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரொலாந்த் அக்காவுக்கு,

தம்பி கிலேன் எழுதுவது. நான் இங்கே இடுப்பு வரைக்கும் நலம். அதற்குக் கீழே இன்னும் மரத்துக் கிடக்கிறது. உன் முட்டிவலிக்காகப் புனித அன்னம்மாளுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். வலதா இடதா என்று மறந்துபோனதால் அவள் முடிவுக்கே விட்டுவிட்டேன்.

தனிக்கட்டையாக வீட்டில் கிடக்காதே, பனியில் நாலு அடி நட என்று நீதானே ஓதினாய்? அதைக் கேட்டுத்தான், எங்கள் கோவில் பாடகர் குழுவில் பாடும் விதவை நொயெல்லாவோடு மலைக்குப் போக ஒத்துக்கொண்டேன். பனியில் புதையாமலிருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் பனிக்காலணி வாங்கப் போனால் அவளும் கூடவே வந்தாள், அங்கேதான் வினை. அதைப் பாத அளவுக்கு வாங்குவதில்லையாம், உடம்பின் கனத்துக்காம். கனம் கூடினால் நீளமும் கூட வேண்டுமாம். கடைக்காரப் பெண் எடை கேட்டாள். நொயெல்லா கையுறை பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நான் என்ன செய்வேன், நூற்று எழுபது பவுண்டு என்றேன். கடைக்காரி என் வயிற்றைப் பார்த்துவிட்டு, முதுகுப்பையோடு சேர்த்தா என்றாள். சேர்த்துத்தான் என்றேன். சின்னதாய், சிவப்பாய் ஒரு அலுமினிய ஜோடி கொடுத்தாள்.

நொயெல்லாவோ செத்துப்போன புருஷன் ரொசேரின் பழைய மரப் பனிக்காலணியை மாட்டிக்கொண்டு வந்தாள். தோல்வார் பின்னியது, தோணி நீளம். நான் சிரித்தேன். மிதிபட்ட பாதை முடியும்வரை சிரித்துக்கொண்டே போனேன். புதுப்பனியில் கால் வைத்ததும் இடுப்பு வரை இறங்கிவிட்டேன். அவள் பனிக்கு மேலேயே நின்றாள். இழுத்துப் பார்த்தாள், நான் அசையவில்லை. என் முதுகுப்பையைக் கழற்றி, அவளுக்காகவே மாவுக்குள் முயல்கறி வைத்து நான் சுட்ட தூர்த்தியேரை எடுத்து, குந்தி உட்கார்ந்து தின்னத் தொடங்கினாள்.

"நெசமான எடையச் சொல்லுங்க கிலேன். அப்பத்தான் எப்படித் தூக்குறதுன்னு யோசிக்கலாம்."

"நூத்தித் தொண்ணூறு."

அவள் இன்னொரு துண்டு வெட்டினாள்.

"இருநூத்தி முப்பது," என்றேன், பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டவன் போல.

"எங்க ரொசேர் இருநூத்தி அறுபது. ஒருநாளும் மறைச்சதில்ல. சரி, கையக் குடுங்க."

ஒரு மரக்காலணியைக் கழற்றிப் பனியில் போட்டாள். அதன்மேல் நெஞ்சை வைத்து, கடல்நாய் மாதிரி ஊர்ந்து ஏறினேன். பிறகு மரஜோடியை எனக்குக் கொடுத்துவிட்டு என் சிவப்பு ஜோடியை அவள் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. செத்தவன் காலணியில், அவன் பெண்டாட்டிக்குப் பின்னால் வீடு வந்து சேர்ந்தேன்.

இனி அவள் முகத்தில் விழிக்கமாட்டேன். பாடகர் குழுவுக்கும் முழுக்கு. எனக்குப் பெண் துணையும் வேண்டாம், பனியும் வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் தலையில் என் பேரைச் சொல்லி ஒரு தட்டு.

உன் தம்பி,
கிலேன்

பி.கு.: இதைத் தபாலில் போடத் தாமதமாகிவிட்டது, மேலே உள்ளதைப் படிக்காதே. ஈஸ்டருக்கு நானும் நொயெல்லாவும் வருகிறோம். ஒரே அறை போதும். உங்கள் ஊர்ப் பாதிரியாரிடம் மூச்சு விடாதே.