துருக்கிக்கு இரண்டு பேர்

"நீங்களும் வாங்களேன் கர்னல். நீங்க இல்லாம எங்களுக்கு என்ன துருக்கி?"

சொல்லிவிட்டு ஹூஷங் அடுத்த படியில் காலையும் வைத்துவிட்டார். கீழ்வீட்டுக் கர்னல் தைமூரி வாசலில் நின்று, ஹூஷங்கின் கையிலிருந்த கட்டம் போட்ட நோட்டைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்திருந்தார். ஹூஷங் சொன்னார். அதற்கு மேல் மரியாதைக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதையும் சொன்னார்.

"சரி, வர்றேன். என்னைக்குக் கிளம்பறோம்?" என்றார் கர்னல்.

ஹூஷங்குக்கு ஒரு நிமிஷம் காது அடைத்தது.

எங்கள் ஷீராஸ் நகரில் இப்படி எடுத்த எடுப்பில் "சரி" என்று யாரும் சொன்னதில்லை. தெருவோரம் நின்று வெள்ளரிக்காய் கடிக்கிறவன்கூடப் போகிறவரைப் பார்த்து "வாங்க, சாப்பிடுங்க" என்பான். போகிறவர் நின்று அதை வாங்கிக் கடித்ததாகச் சரித்திரமே கிடையாது. அழைப்பது மரியாதை, மறுப்பது அதைவிட மரியாதை. மூன்று தரம் அழைத்து மூன்று தரம் மறுத்து, நான்காம் தரமும் கையைப் பிடித்து இழுத்தால்தான் நிஜமாகவே கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். பால்குடி மறந்த பிள்ளைக்கே இது தெரியும். எழுபத்திரண்டு வயதுக் கர்னலுக்குத் தெரியாதா?

அதுவும் யார்? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் பக்கத்து ஊருக்குக்கூடப் போகாத மனுஷன். சொந்தத் தலையணை இல்லாமல் தூக்கம் வராது என்று தம்பி மகள் கல்யாணத்துக்கே போகாதவர்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்..." என்று இழுத்துப் பார்த்தார் ஹூஷங்.

"சிரமம் என்ன சிரமம். தலையணையை எடுத்துக்கிட்டா போச்சு" என்று கர்னல் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேலே வீட்டில் மஹின் ஹீட்டரை ஒட்டிக் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பருப்பு சூப் கிண்ணத்தில் பாதி அப்படியே இருந்தது.

"கர்னல் வர்றாராம்."

"எங்க?"

"துருக்கிக்கு."

மஹின் சிரித்தாள். "நீ கூப்பிட்டியா?"

"ஒப்புக்குக் கூப்பிட்டேன். அந்த ஆளும் ஒப்புக்கு மறுக்க வேண்டாமா? ஊர்ல மரியாதையே போச்சு."

"வரட்டுமே. பாவம், தனிக்கட்டை."

"தனிக்கட்டைன்னா தலையணைகூடப் போகட்டும். என்கூட எதுக்கு?"

மஹின் மறுபடியும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்க வெகு நேரம் ஆனது. ஹூஷங் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, கைகழுவுகிற சாக்கில் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். முப்பது வருஷம் குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போட்டு, ஊர் முழுக்கத் தண்ணீரை வீணாக்காதே என்று சொல்லி வந்தவர். இந்த இரண்டு மாதமாக அவர் வீட்டுக் குழாய் ஓடுகிற ஓட்டத்துக்கு அந்த அலுவலகமே நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். குழாய்ச் சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது.

மஹினுக்கு ரத்தசோகை. அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தது. டாக்டர் நடைவழியில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது வேறு. வசந்தம் முடியும்வரை பார்க்கலாம், அதற்குப் பிறகு என்னைக் கேட்காதீர்கள் என்றார் அவர். எங்கள் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் ஊருக்கெல்லாம் சொல்வார்கள், வியாதிக்காரருக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள். ஹூஷங் ஊருக்கும் சொல்லவில்லை. மருந்துப் புட்டியின் தாளைச் சுரண்டி எடுத்துவிட்டு "இரும்புச்சத்து" என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினார்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இஸ்தான்புல்லில் படகு ஏறி, ஒரு கண்டத்தில் தேநீரை ஆரம்பித்து மறு கண்டத்தில் குடித்து முடிப்பது. போக இருந்தபோது யுத்தம் வந்தது. அப்புறம் அவருடைய அம்மா படுக்கையில் விழுந்தாள். அப்புறம் வீடு வாங்கினார்கள். பிள்ளைகுட்டி இல்லை, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே நாற்பது வருஷம் போய்விட்டது. இப்போது, வசந்தத் தொடக்கத்தில் வரும் புத்தாண்டு முடிந்ததும் கிளம்புவதாக நோட்டில் எழுதியிருந்தார். விமானத்தில் இஸ்தான்புல், அங்கே நாலு நாள். புர்சாவில் ஒரு நாள், வெந்நீர் ஊற்று. கொன்யாவில் இரண்டு நாள், சூஃபி ஞானியின் சமாதி. கடைசியாகக் கப்படோக்கியா, மலைக் குகையில் ஒரு ராத்திரி. ஒவ்வொரு நாளுக்கும் நடுவே "மஹின் ஓய்வு" என்று சிவப்பு மையில் ஒரு கட்டம். இரண்டே பேர். அவளோடு தனியாக, கடைசியாக, பத்து நாள். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதில் தலையணையோடு ஒரு கர்னல் வந்து உட்கார்ந்துகொண்டால்?

கர்னலுக்கு முதுகுவலி உண்டு. ஹூஷங் யோசித்து, மறுநாள் அவர் கதவைத் தட்டினார். "கர்னல், ஒரு சின்ன மாற்றம். விமானம் இல்ல, பஸ். இங்கேருந்து தெஹ்ரான், அங்கேருந்து நேரா இஸ்தான்புல். மூணு நாள் உட்கார்ந்தே போகணும்."

"நல்லதாப் போச்சு. விமானத்துல எனக்குக் காது வலிக்கும்."

"உங்க முதுகு?"

"உங்களோட பேசிட்டு வந்தா முதுகு எங்க தெரியப் போகுது."

கர்னல் இதோடு நிறுத்தவில்லை. மேல்மாடி வீட்டு எஷ்ரத்திடமும் சொல்லிவிட்டார். எஷ்ரத் புருஷனை இழந்தவள், எழுபது வயது, இரண்டு முட்டியும் தேய்ந்தவள். நாரத்தை ஊறுகாய்ப் புட்டியோடு மஹினைப் பார்க்க வந்தவள், "என்ன ஹூஷங் தம்பி, பஸ்ஸுல பயணமாமே?" என்றாள்.

ஹூஷங் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் பழக்கதோஷம். நாக்குக்கு எலும்பா இருக்கிறது? "ஆமா அக்கா. நீங்களும் கிளம்புங்க. நீங்க வந்தா மஹினுக்குத் துணை."

"இதோ, நாளைக்கே பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கறேன்."

ஹூஷங் மஹினைப் பார்த்தார். மஹின் ஊறுகாய்ப் புட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள். "வாங்க அக்கா. ஊறுகாயும் கொண்டு வாங்க. இவருக்கு அது இல்லாம சோறு இறங்காது" என்றாள்.

அன்று சாயங்காலம் ஹூஷங் நோட்டில் வெந்நீர் ஊற்றை அடித்துவிட்டுக் கோட்டைகளை எழுதினார். வான் கோட்டை, கார்ஸ் கோட்டை, அங்காராக் கோட்டை. எத்தனை படி என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நானூறு என்று போட்டார். அதை எடுத்துக்கொண்டு மேலே போய் எஷ்ரத்துக்கு வாசித்துக் காட்டினார்.

"முட்டி தாங்குமா அக்கா? யோசிச்சுக்குங்க."

"ஆயிரத்து இருநூறு படி. தினம் நம்ம மாடிப்படியில நாலு தரம் ஏறி இறங்கிப் பழகிக்கிறேன்" என்றாள் எஷ்ரத். மறுநாளே விளையாட்டுக்காரர்கள் போடுகிற மாதிரி ஒரு ஜோடி வெள்ளை ஷூ வாங்கிவிட்டாள். விடிந்தால் அந்த ஷூ மாடிப்படியில் தடக் தடக் என்று ஏறி இறங்கும். கர்னல் கீழே நின்று எண்ணிக்கை சொல்வார். ஹூஷங் வீட்டுக்குள் காதைப் பொத்திக்கொள்வார்.

மிச்சமிருந்த ஒரே வழி மச்சினன் மன்சூர். மஹினின் தம்பி, கடைவீதியில் பிஸ்தா, பாதாம், உலர்ந்த அத்தி விற்கிறவன். பெற்ற மகன் கல்யாணத்தன்றுகூட மதியம்வரை வியாபாரம் பார்த்துவிட்டு வந்தவன். பயணம் ரத்தாகிவிட்டது என்று இவன் வாயால் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள் என்று நினைத்து ஹூஷங் கடைக்குப் போனார்.

"மன்சூர், எனக்கு ஒரு உதவி செய்யணும்."

"சொல்லுங்க அத்தான். பிஸ்தா எடுங்க."

"வேண்டாம்."

"எடுங்க."

"இப்பதான் சாப்பிட்டேன்."

"என் தலை மேல சத்தியமா எடுங்க."

எடுத்தார். பிஸ்தாவை உடைத்துக்கொண்டே துருக்கிப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அந்தப் பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது. "நீயும்தான் வரலாம். உனக்குக் கடை."

"கடை கிடக்கு. பூட்டிட்டு வர்றேன்."

"பூட்டிட்டா?"

"பூட்டு எதுக்கு இருக்கு அத்தான்?"

ஹூஷங் வந்த காரியத்தைச் சொல்லாமலே எழுந்து வந்தார். வழியெல்லாம் யோசனை. ஊரில் ஏதோ நடந்திருக்கிறது, மரியாதை தெரிந்தவர்களை எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுகூட நினைத்தார். தெருமுனையில் பழக்கமே இல்லாத ரொட்டிக்கடைக்காரர் சூடான ரொட்டியை நீட்டி, "உங்க ரொட்டியா நினைச்சு எடுத்துக்குங்க" என்றார். ஹூஷங் மறுத்தார். அவரும் பேசாமல் ரொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டார். ஆக ஊர் சரியாகத்தான் இருந்தது. தன் தலையெழுத்துத்தான் சரியில்லை என்று ஹூஷங் நினைத்துக்கொண்டார்.

வீட்டில் மஹின் நோட்டை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் பஸ், மூன்று கோட்டை, ஆயிரத்து இருநூறு படி, மன்சூரையும் சேர்த்தால் ஐந்து பேர். சிவப்புக் கட்டம் ஒன்றுகூட மிச்சமில்லை.

"ஹூஷங், இதுல எந்தப் படியில என்னை உட்கார வைக்கப் போற?" என்றாள்.

கேலியாகத்தான் கேட்டாள். யாருக்காக இந்தப் பயணமோ அவள் வர முடியாத பயணமாக அதைத் தன் கையாலேயே மாற்றி எழுதியிருக்கிறோம் என்பது அப்போதுதான் ஹூஷங்குக்கு உறைத்தது. ஒருத்தரை வர வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, கட்டினவளைக் கழற்றிவிட்டாயிற்று.

"எல்லாத்தையும் மாத்திடறேன். நீயும் நானும் மட்டும்."

"மாத்தாத. இப்படியே இருக்கட்டும். ஜனங்களோட போனா நல்லாத்தான் இருக்கும்." அவள் கை நோட்டின்மேல் இருந்தது. மோதிரம் நழுவி விழாமல் இருக்க நூல் சுற்றியிருந்தாள்.

அந்த மோதிரத்தைப் பார்த்ததும் ஹூஷங் எழுந்தார். நேரே கீழே போய்க் கர்னல் கதவைத் தட்டினார்.

"வாங்க, வாங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க." கர்னல் தேநீர்த் தட்டை நீட்டினார். "எடுங்க."

"நீங்க முதல்ல."

"விருந்தாளி நீங்க."

"பெரியவர் நீங்க."

நாலு சுற்று இப்படியே போய்த் தேநீர் ஆறியது. கடைசியில் ஹூஷங் எடுத்த கோப்பையை வாயில் வைக்காமல் கீழே வைத்தார். பிறந்ததிலிருந்து சொல்லாத ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டியிருந்தது.

"கர்னல், நீங்க வர வேண்டாம்."

கர்னல் நிமிர்ந்து பார்த்தார்.

"எஷ்ரத் அக்காவும் வேண்டாம். மன்சூரும் வேண்டாம். உங்களை நான் கூப்பிட்டது ஒப்புக்கு. மூணு பேரையும் ஒப்புக்குத்தான் கூப்பிட்டேன். என்னை மரியாதை கெட்டவன்னு நினைச்சாலும் பரவாயில்ல." அவர் குரல் உடைந்தது. இங்கே திறந்துவிடக் குழாயும் இல்லை. "மஹினுக்கு ரத்தசோகை இல்ல கர்னல். வசந்தம் தாண்ட மாட்டாள்னு டாக்டர் சொல்லிட்டார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் கூடாது. அவளை அந்தப் படகுல ஒரு தரம் உட்கார வைக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எங்களை விட்டுடுங்க."

மாடிப்படியில் எஷ்ரத்தின் ஷூ தடக் தடக் என்று இறங்கி வந்தது, நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்க நின்றது, பிறகு மறுபடியும் ஏறியது. கர்னல் கைக்குட்டையை எடுத்து ஹூஷங்கின் பக்கம் தள்ளினார். ஹூஷங் இந்தத் தரம் மறுக்காமல் எடுத்துக்கொண்டார்.

"ஒப்புக்குன்னு தெரியாமலா இருக்கும்? நானும் ஷீராஸ்காரன்தானே" என்றார் கர்னல்.

"அப்புறம் ஏன் சரின்னு சொன்னீங்க?"

கர்னல் ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"போன மாசம் மஹின் எங்க மூணு பேர்கிட்டயும் தனித்தனியா வந்து சொல்லிட்டுப் போனாங்க ஹூஷங், 'நான் போனப்புறம் அவர் தனியா எங்கயும் கிளம்ப மாட்டார், துருக்கிக்கு உங்களை ஒப்புக்குத்தான் கூப்பிடுவார், முதல் வார்த்தையிலேயே கெட்டியாப் பிடிச்சுக்குங்க'ன்னு."