தசை மீட்பு நாளில் விழுந்த பீரோ

மனித குலத்துக்கு நெருப்பைக் கொடுத்தவர் யார், சக்கரத்தைக் கொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தசைகளுக்கு முறைப்படி சுற்றறிக்கை போட்டு ஓய்வு கொடுத்தது எங்கள் அலுவலகம்தான். இதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். வரலாற்றுக்கு நேரமில்லையென்றால் நானே குறித்துவைக்கிறேன். படுத்துக் கிடப்பவனுக்கு வேறு என்ன வேலை?

எங்களுடையது பழைய பத்திரங்களுக்கு நகல் எடுத்துக் கொடுக்கும் அலுவலகம். உட்கார்ந்தே இருந்து ஊழியர்களின் உடல் கெடுகிறது என்று மேலாளருக்கு ஒரு நாள் காலையில் ஞானம் பிறந்தது. அன்று காலையில்தான் அவருடைய பெல்ட்டின் கடைசி ஓட்டையும் அவரைக் கைவிட்டிருந்தது. உடனே ஒரு பயிற்சியாளர் வந்தார். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத மனிதர். அவரை "மாஸ்டர்" என்று அழைத்தோம்.

ஆவண அறையில் பயிற்சிக்கூடம் திறக்கப்பட்டது. பளு தூக்க இரும்புத் தண்டு வந்துவிட்டது. அதில் மாட்ட வேண்டிய வட்டுகள் வரவில்லை. எங்கள் கணக்காளர் இதற்கெல்லாம் அசருகிற ஆளா? பீரோவின் கீழ்த்தட்டிலிருந்த பத்திரக் கட்டுகளை இழுத்துப் போட்டு, தண்டின் இரு முனையிலும் கயிற்றால் கட்டினார்.

"கீழ இருக்கிறதுதான் சார் ரொம்பப் பழசு. நல்ல கனம்" என்றார்.

கீழ்த்தட்டு காலியானது. மேல்தட்டுகள் நிறைந்தே இருந்தன. இதை நீங்கள் மறந்தாலும் என் கால் மறக்காது.

மாஸ்டர் சொன்னதில் தப்பே இல்லை. "பளு தூக்கினா தசை லேசா கிழியும் சார். அது சேர ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் அதே தசையைப் போட்டு வதைக்கக் கூடாது. நடுவுல சர்க்யூட் பண்ணலாம். தண்டால், பஸ்கி, நாற்காலியில ஏறி இறங்குறதுன்னு மாத்தி மாத்தி" என்றார். மேலாளர் இதைக் கூட்டத்தில் வைத்தார். எங்கள் கூட்டத்துக்குள் போன யோசனை எதுவும் போன உருவத்திலேயே திரும்பி வந்ததில்லை.

சுற்றறிக்கையாக வெளிவந்தது இதுதான்: திங்கள் பளு தூக்கல். செவ்வாயும் புதனும் "தசை மீட்பு". வியாழன் சர்க்யூட். வெள்ளி மறுபடியும் மீட்பு. மீட்பு நாட்களில் மேற்படி தசைகளை அலுவலகப் பணி உட்பட எவ்வகையிலும் பயன்படுத்தலாகாது. பாரபட்சம் கூடாது என்பதால் எல்லோருக்கும் ஒரே நாள்.

நகல் கேட்டு வந்த ஒரு பெண்மணியிடம் கணக்காளர் பணிவாகச் சொன்னார். "அப்புறம் வாங்கம்மா. கை மீட்புல இருக்கு."

"இன்னொரு கை சும்மாத்தானே இருக்கு?"

"அதுவும் மீட்புதான். ஜோடியா போட்டிருக்காங்க."

எனக்கு மட்டும் விலக்கு. மாஸ்டர் என் புஜத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "தசை இருந்தாத்தானே சார் ஓய்வு" என்று சொல்லிவிட்டார். ஆகவே மீட்பு நாட்களில் அலுவலகத்தின் அத்தனை வேலையும் என் எலும்புகளிடம் வந்து சேர்ந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சீக்கிரம் கிளம்ப நினைத்திருந்தேன். சாயங்காலம் மகளுக்கு சைக்கிள் பிடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவசரமாக மேல்தட்டிலிருந்து ஒரு பத்திரக் கட்டை இழுத்தேன். பீரோ என் முன்னால் மரியாதையாகக் குனிந்தது. பாதியில் நிற்கத் தெரியவில்லை. நான் தரையில் கிடந்தேன். இடது கால் பீரோவுக்கு அடியில் இருந்தது.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள் என்று எழுத ஆசைதான். கால்களும் மீட்பில் இருந்ததால் நடந்து வந்தார்கள்.

"கால் மாட்டிக்கிச்சு சார். தூக்குங்க" என்றேன்.

"தூக்கத்தான் போறோம். அதுல உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்" என்றார் மேலாளர். பிறகு கணக்காளர் பக்கம் திரும்பி, "இன்னைக்கு என்ன கிழமை?" என்றார்.

"செவ்வாய் சார்."

என்னைச் சுற்றி நின்றபடியே அவசரக் கூட்டம் தொடங்கியது.

"நேத்துதான் எல்லாரும் முதுகும் கையும் காலும் போட்டிருக்கோம். இன்னைக்குத் தூக்கினா நேத்து பட்ட பாடெல்லாம் வீண்" என்றார் மாஸ்டர். "ஆனா உயிர் போற விஷயம்னா தூக்கலாம்."

மேலாளர் குனிந்து என்னைக் கேட்டார். "உயிர் போகுதா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்ப பதற வேண்டாம்."

நேற்று லீவு போட்டவரின் தசை புதிதாக இருக்குமே என்று கணக்காளர் அருமையான யோசனை சொன்னார். நேற்று லீவு போட்டவர் இன்றும் லீவில் இருந்தார். அப்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி.

"பாப்பா சைக்கிளோட கடை வாசல்ல நிக்கிறா. எங்க இருக்கீங்க?"

"பீரோவுக்குக் கீழ."

"அங்க என்ன பண்றீங்க?"

"கூட்டம் நடக்குது."

அடுத்த தெருவில்தான் அவளுடைய தையல் கடை. வந்துவிட்டாள். நின்றவர்களையும் கிடந்தவனையும் பார்த்தாள்.

"இத்தனை பேர் நின்னு வேடிக்கையா பார்க்குறீங்க?"

"இன்னைக்கு மீட்பு நாள் மேடம்" என்றார் மேலாளர்.

"அப்ப இவரை மீட்க வேண்டியதுதானே?"

அவள் இரும்புத் தண்டிலிருந்த கயிறுகளை அவிழ்த்துக் கட்டுகளைக் கீழே தள்ளினாள். ஒரு பத்திரக் கட்டை முட்டுக் கொடுத்து, தண்டைப் பீரோவுக்கு அடியில் நுழைத்தாள்.

மாஸ்டர் பதறினார். "மேடம், வார்ம் அப் பண்ணாம தூக்கக் கூடாது."

"பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். ரெண்டு மாடி ஏறி" என்று தண்டின் மறுமுனையில் தொங்கினாள். பீரோ நாலு விரல் எழும்பியது. காலை உருவிக்கொண்டேன். அந்தத் தண்டு அலுவலகத்துக்கு உபயோகமாக எதையாவது தூக்கியது அதுதான் முதல் தடவை.

கால் முறிந்திருந்தது. கட்டுப் போட்டு ஆறு வாரம் அசையாதே என்றார்கள். பயிற்சிக் கருவியை வெளிநபர் கையாண்டதற்கு என்னிடம் விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து குறிப்பாணை வந்தது. மகள் யாரும் பிடிக்காமலே சைக்கிள் பழகிக்கொண்டிருக்கிறாள், முட்டியெல்லாம் சிராய்ப்பு. நான் படுத்தபடியே அவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மேலாளர், கணக்காளர், மாஸ்டர் மூன்று பேரும் என்னைப் பார்க்க வந்தார்கள். "கட்டிலைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்த்தணும், ஒரு கை கொடுங்க" என்றாள் மனைவி. மூவரும் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்கள். கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கிளம்பும்போது மாஸ்டர் என் மாவுக்கட்டைத் தடவி, "கொடுத்து வச்ச கால் சார். ஆறு வாரம் முழு ஓய்வு" என்று பெருமூச்சு விட்டார்.

நேற்று டாக்டரிடம் போனபோது இந்தத் தசை மீட்பைப் பற்றி விவரமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "இதயமும் ஒரு தசைதான். அது மட்டும் ஒரு நாள்கூட ஓய்வெடுக்காது" என்றார்.

நிறையப் படித்தவர்தான். எங்கள் அலுவலகத்துக்கு வந்ததில்லை.