பத்திரத்துக்கு முன் பால் காய்ச்சிய கதை

தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டு, தெரிந்த மாதிரி தலையாட்டுவது என் பழக்கம். (அப்படி ஆட்டியே பத்தாம் வகுப்புவரை வந்துவிட்டேன்.) வீடு வாங்கும்போதும் அதையே செய்தேன்.

போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்துத் தெரு வங்காளி தாதா (அண்ணனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வீடு விற்பதாகச் சொன்னார். முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதினோம். சாவியைத் தந்து, சுத்தம் செய்துகொள்ளச் சொன்னார். "பாக்கி காகஜ் ஹோ ஜாயேகா" என்றார். மீதிப் பேப்பர் வேலை நடந்துவிடுமாம். வீடு யார் பெயரில், பதிவு எப்போது, யார் யார் கையெழுத்துப் போட வேண்டும், ஒன்றும் நான் கேட்கவில்லை. சாவி யாரிடமோ வீடு அவருடையது, அவ்வளவுதான் என் சட்ட அறிவு.

அந்த வாரமே நல்ல முகூர்த்தம்.

"பத்திரம் முடியட்டுமேங்க" என்றாள் மனைவி சாந்தி.

"அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிடி."

வாடகை வீட்டைக் காலி செய்தேன். மறுநாளே அங்கே வேறொரு குடும்பம் அடுப்புப் பற்றவைத்துவிட்டது.

புது வீட்டுக் கூடத்தில் ஒரு வயதான அம்மாவின் படம், பெரிய சட்டத்தில் தொங்கியது. இவ்வளவு பெரிய சட்டம் போட்டால் நம் வழக்கத்தில் ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்? கழற்றலாமா என்று தாதாவிடம் கேட்கக் கூச்சம். அதனால் மரியாதையாக என் அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்து, குங்குமம் இட்டு, சம்பங்கி மாலையும் போட்டேன்.

பால் பொங்கியது. கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் தாதா. அவர் கையைப் பிடித்தபடி, அந்தப் படம் நடந்து வந்தது.

தாதாவின் அம்மா. பாராடாங் தீவில் மகள் வீட்டில் இருந்தவர். வீடு அவர் பெயரில்தான். அடுத்த வாரம் கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை பார்க்க வந்திருக்கிறார். மாலையைப் பார்த்தார். கற்பூரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஹம் கப் மரா?"

நான் எப்போது செத்தேன் என்று கேட்கிறார். பதற்றத்தில் எனக்கு வந்த ஒரே இந்தி: "மாலூம் நஹி."

தெரியாது என்று சொல்லிவிட்டேன்! தாதா தலையில் அடித்துக்கொண்டார். சாந்தி ஓடிவந்து மாலையைக் கழற்றி, அந்த அம்மாள் காலில் விழுந்தாள். அவர் பாயசத்தைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

அந்த ஒரு வாரம் பெட்டிகளைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

"அந்தம்மா மாட்டேன்னுட்டா, சாத்தம் கப்பல் துறையிலதான் படுக்கணும். உங்களுக்கென்ன, கப்பலுக்கும் தலையாட்டுவீங்க" என்றாள் சாந்தி.

பதிவு அலுவலகத்தில் அதிகாரி அந்த அம்மாளின் பெயரைப் படித்து, ஆள் வந்திருக்கிறாரா என்று கேட்டார். அந்த அம்மாள் எழவில்லை. விரலை என் பக்கம் நீட்டினார்.

"உஸ்கோ பூச்சோ. ஹம் ஜிந்தா ஹை கி நஹி, ஓ போலேகா."

உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். மொத்த அறையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையாட்டாமல் வாய் திறந்து, "ஜிந்தா ஹை சாப்" என்றேன். அதன்பிறகே அந்த அம்மாள் எழுந்து வந்து பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார்.

இப்போதும் அந்தப் பதிவுத் தேதியில் வருடா வருடம் பாராடாங்கிலிருந்து அந்த அம்மாளின் போன் வரும். என் மகள் ஓடிவந்து ஸ்பீக்கரில் போடுவாள். வீடே கூடி நிற்கும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"அபி தக் ஜிந்தா ஹை." இன்னும் உயிரோடுதான் இருக்கிறாராம். சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.