வலது மூலையில் ஒரு கறை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். கம்ப்யூட்டருக்குத்தான் உடம்பு சரியில்லை. உன் முட்டிவலி மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். மட்டுப்படவில்லை என்றால் இதை உட்கார்ந்து படிக்கவும். கொஞ்சம் நீளமாகப் போகும்.

போன மாதம் நீ அந்த பிஸ்கட் டப்பாவை என் மடியில் வைத்து, "தம்பி, இதுல அவர் முகம் தெரியற மாதிரி ஒரே ஒரு படம் தேடிக் குடுடா. அவர் போய் வருஷம் ஒண்ணாகப் போகுது. சுவத்துல ஆணி இருக்கு, மாட்டறதுக்குப் படம் இல்ல" என்றாய். உங்கள் கல்யாண ஆல்பம் வீட்டில் தண்ணீர் புகுந்தபோது ஒட்டிப் போனது எனக்கும் தெரியும். பாட்டில் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரச்சோதனையில் உட்கார்ந்து, ஓடுகிற பெல்ட்டில் கடுகளவு குமிழி தெரிந்தாலும் அந்த பாட்டிலைப் பிடித்து ஓரங்கட்டியவன் நான். அந்தத் தைரியத்தில், "ஒண்ணு என்னக்கா, மொத்தத்தையும் புதுசாக்கித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து, போட்டோக்களை அடுக்கிச் சரிசெய்கிற மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்து, "எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். டப்பாவில் இருந்த இருநூற்றுப் பதினொரு படங்களையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து உள்ளே விட்டு, தேதி வாரியாக அடுக்கச் சொன்னேன். நான் ஸ்கேன் செய்தது செவ்வாய்க்கிழமை. அதனால் உன் மகள் தவழ்ந்தது, அவள் பள்ளிக்கூடம் சேர்ந்தது, நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோனது, நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது எல்லாமே போன செவ்வாய்க்கிழமை நடந்ததாக அடுக்கி வைத்தது. சரி, ஆள் வாரியாகவாவது பிரி என்றேன். சுவர்க்கடிகாரத்தைச் சுற்றி வட்டம் போட்டு "இவர் யார்?" என்று கேட்டது. இருபது வயது உன்னையும் இப்போதைய உன்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இருவரும் ஒருவரா?" என்று கேட்டது. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, இல்லை என்று அழுத்திவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அத்தான் விஷயத்துக்கு வருகிறேன். மனிதர் கேமராவுக்குப் பின்னாலேயே குடியிருந்தவர். யாராவது கை நீட்டினால்கூட, "நீங்க போய் நில்லுங்க, நான் எடுக்கறேன்" என்பார். அவர் அகப்பட்டது இரண்டே படங்களில். ஒன்று அலுவலக அடையாள அட்டைப் படம், முகத்தில் பாதி ரப்பர் ஸ்டாம்பு. ஸ்டாம்பை எடு என்றேன். அது ஒரு கண்ணையும் மூக்கையும் சேர்த்து எடுத்துவிட்டுத் தன் கையிருப்பிலிருந்து வேறு வைத்தது. வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யாருங்க இது, நல்லா இருக்காரே?" என்றாள். அத்தான் என்றேன். "அண்ணனா? அவருக்கு ஏது இவ்ளோ மூக்கு?" என்றாள். இன்னொன்று குரூப் போட்டோ. பின்வரிசையில் யாருடைய தோளுக்கோ மேலே அத்தானின் நெற்றி மட்டும் தெரிகிறது. தெளிவாக்கு என்று அழுத்தினேன். நெற்றிக்குக் கீழே அதுவாகவே ஒரு முகத்தை வரைந்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்க வைத்துவிட்டது. அத்தான் அப்படிச் சிரித்து நீயே பார்த்திருக்க மாட்டாய்.

மீதி இருநூற்று ஒன்பதும் அவர் எடுத்தவை. அவற்றில்தான் என் கைவரிசையைக் காட்டினேன். எல்லாவற்றிலும் வலது மேல் மூலையில், ஒரே இடத்தில், மங்கலாக ஒரு கறை. லென்சில் பூஞ்சை பிடித்திருக்க வேண்டும். அத்தான் எதைத்தான் துடைத்து வைத்தார் என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். நீ புது வீட்டு வாசலில் நிற்கிற படம்தான் உயிரை வாங்கியது. அந்தக் கறையில் குறுக்கே வெள்ளைப் பட்டை வேறு. அதை அழித்த இடத்தில் மென்பொருள் ஒரு ஜன்னல் வைத்திருக்கிறது. உன் வீட்டில் அந்தப் பக்கம் ஜன்னல் இல்லை, தெரியும். ஆனால் படம் பளிச்சென்று இருக்கிறது.

ஆகவே அக்கா, மனதைத் தேற்றிக்கொள். அத்தான் படம் என்று ஒன்று கிடையாது. சுத்தம் செய்த படங்களைப் பென்டிரைவில் போட்டு இதோடு அனுப்புகிறேன். தேறாத பாட்டிலை அன்றைக்கே உடைத்துவிடுவது எங்கள் தொழிற்சாலை வழக்கம். அந்தப்படி, கறை படிந்த பழைய படங்களை டப்பாவோடு கட்டி, 'கழிவு' என்று எழுதி, நாளை வரும் குப்பை வண்டிக்காக வாசலில் வைத்திருக்கிறேன். உன் மகளுக்கு எங்கள் ஆசி. எனக்கு உன் ஆசி வேண்டும், மருந்தை வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
சொன்னதைச் செய்ய முடியாமல் போன தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். திருப்பி எழுதக் கை ஒத்துழைக்கவில்லை. உறையை ஒட்டுவதற்கு முன் வீட்டுக்காரியிடம் படிக்கக் கொடுத்தேன். வெள்ளைப் பட்டை என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். "குடிபோன அன்னிக்கா? பீரோ இறக்கறப்ப அண்ணன் விரல் நசுங்கிப் போச்சே. நான்தானே வெள்ளைத் துணி சுத்தி விட்டேன். அந்தக் கையோடதான் படம் எடுத்தார்" என்றாள். வாசலுக்கு ஓடினேன். டப்பா இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். துணியின் முடிச்சுகூட மங்கலாகத் தெரிகிறது. கேமராவை எப்படிப் பிடித்தாலும் அத்தானுக்கு அந்த விரல் லென்சுக்கு முன்னால் வந்துவிடும்போல. முப்பத்திரண்டு வருடம் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவனுக்கு அது விரல் என்று தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது அக்கா. பென்டிரைவை அனுப்பவில்லை. நீ ஒரு படம் கேட்டாய், இருநூற்று ஒன்பது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டப்பாவை நானே கொண்டுவருகிறேன். வேண்டியதை எடுத்து ஆணியில் மாட்டு. மாட்டிய பிறகு பழக்கதோஷத்தில் அந்த மூலையைத் துடைத்துவிடாதே.